வேலை போன பிறகு வேலைக்குப் போனவர்

"ரிட்டயர் ஆனதும் என்ன சார் செய்யப் போறீங்க?" என்று உங்கள் ஆபீஸ் பெரியவர் யாரையாவது கேட்டுப் பாருங்கள். "பேப்பர் படிப்பேன், பேரனை ஸ்கூல்ல விடுவேன்... அப்புறம் பார்க்கலாம்!" என்பார். அந்த 'அப்புறம்' சிலருக்கு ரொம்ப நீளம். ஜிம்மி கார்ட்டருக்கு ஏறக்குறைய நாற்பத்து நாலு வருஷம்!

அமெரிக்காவின் 39-வது ஜனாதிபதி. 1980 நவம்பர் தேர்தலில் ரீகனிடம் படுதோல்வி. 1981 ஜனவரி 20-ம் தேதி, ஜார்ஜியா மாநிலத்திலுள்ள பிளெயின்ஸ் என்ற தம்மாத்தூண்டு ஊருக்கு மூட்டை கட்டிக்கொண்டு திரும்பியபோது வயது 56. அவர் ரிட்டயர் ஆகவில்லை, ஆக்கப்பட்டார்! ஈரானில் 444 நாள் பிணைக்கைதிகளாக இருந்த 52 அமெரிக்கர்களை மீட்க, கடைசி இரவுகளில் தூங்காமல் பேசி முடித்ததும் அவர்தான். ரீகன் பதவியேற்ற சில நிமிஷங்களில் அவர்கள் விமானம் கிளம்பியது. எரிச்சல் வருமா, வராதா?

ஊருக்கு வந்தால் இன்னொரு இடி. டிரஸ்டில் ஒப்படைத்துவிட்டுப் போயிருந்த வேர்க்கடலை வியாபாரம் பத்து லட்சம் டாலர் கடனில் நின்றது. அதை விற்றார். புத்தகம் எழுத உட்கார்ந்தார். வெள்ளை மாளிகைச் சகாக்கள் பிரிவு உபசாரப் பரிசாகக் கொடுத்தவை மரவேலைக் கருவிகள். அவற்றை வைத்துக்கொண்டு இழைக்கவும் அறுக்கவும் ஆரம்பித்தார்.

மீதி வாழ்க்கையை எப்படி உருப்படியாக வாழ்வது என்று அவரும் மனைவி ரோஸலினும் சேர்ந்து ஒரு புத்தகம் எழுதினார்கள். 1987-ல் வந்தது. எழுதும்போது வந்த சண்டையில் இருவரும் அந்தப் புத்தகத்தைப் பற்றி நேரில் பேசுவதையே நிறுத்திவிட்டு, கம்ப்யூட்டரில் காரசாரமாகக் கடிதம் அடித்துக்கொண்டார்களாம்! கடைசியில் எடிட்டர்தான் பஞ்சாயத்து பண்ணினார். ஒத்துப்போகாத பகுதிகளை 'இது அவருடையது, இது அம்மாவுடையது' என்று எழுத்து போட்டுப் பிரித்துவிட்டார். கல்யாணம் பிழைத்தது. 77 வருஷம்!

"ஜனாதிபதி பென்ஷன், செக்யூரிட்டி எல்லாம் இருக்கிறவருக்கு என்ன சார் கவலை? நம்ம ஹெட்கிளார்க் கதை வேற" என்பீர்கள். நியாயம்தான். அப்படியானால் அவருடைய அம்மாவைப் பாருங்கள்.

லில்லியன் கார்ட்டர். கணவரை இழந்தவர், நர்ஸ். 1966-ல், 68 வயதில், 'வயது ஒரு தடையில்லை' என்ற பீஸ் கோர் விளம்பரத்தை டி.வி.யில் பார்த்துவிட்டுப் பெயர் கொடுத்துவிட்டார். எங்கே அனுப்பினார்கள்? பம்பாய் பக்கத்து விக்ரோலிக்கு! அங்கே கிளினிக்கில் ஏழை நோயாளிகளைக் கவனித்துவிட்டு, 70 வயதில் ஊர் திரும்பினார். மகனுக்கு வேறு வாத்தியார் தேவையா?

அதே 1966-ல் மகன் கவர்னர் தேர்தலில் தோற்று நொந்து போயிருந்தார். அந்த நாட்களில்தான் அவருடைய கிறிஸ்தவ விசுவாசம் சம்பிரதாயம் என்ற நிலை தாண்டி ஆழமானது. வெளி மாநிலங்களுக்குப் போய் வீடு வீடாகக் கதவு தட்டி வேதம் பேசினார். ஆகவே 1980-ல் தோற்றபோது, தோல்விக்குப் பின் என்ன செய்வது என்பதில் மனிதருக்கு முன் அனுபவம் இருந்தது!

1984-ல் ஜார்ஜியாவிலிருந்து பஸ் ஏறி நியூயார்க் போனார். 'ஹேபிடட்' என்ற கிறிஸ்தவ அமைப்புக்காக ஒரு பாழடைந்த கட்டடத்தைக் குடியிருக்கும்படி ஆக்கும் வேலை. தூங்கியது சர்ச் ஒன்றில். வீடு இலவசமில்லை, குடிவரும் குடும்பமும் கூட நின்று உழைக்க வேண்டும், தவணையும் கட்ட வேண்டும். பிச்சை போடுகிற தோரணை இல்லாத இந்த ஏற்பாடு எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. அப்புறம் வருஷா வருஷம் ஒரு வாரம் சுத்தியலும் கையுமாகக் கிளம்பிவிடுவார்கள் தம்பதிகள். 2006-ல், 82 வயதில், நம் லோனாவலா பக்கம்கூட வந்து வீடு கட்டினார். 2019 அக்டோபரில் வீட்டில் விழுந்து புருவத்துக்கு மேல் 14 தையல். அன்று சாயங்காலமே நாஷ்வில்லில் ஆஜர், மறுநாள் வீடு கட்டுகிற இடத்தில் ஆஜர். வயது 95!

ஞாயிற்றுக்கிழமைகளில் பிளெயின்ஸ் மரனாதா பாப்டிஸ்ட் சர்ச்சில் பைபிள் வகுப்பு. ஆயிரம் பேர்கூட இல்லாத ஊரில், விடிவதற்கு முன்பே கார்கள் வரிசை கட்டும். அவருடன் போட்டோ வேண்டுமா? வகுப்போடு நழுவ முடியாது. ஆராதனை முடியும்வரை உட்கார்ந்தாக வேண்டும்! அந்த சர்ச்சின் காணிக்கைத் தட்டுகளைக் கடைந்தவரும் அவரே. புல் வெட்டுகிற முறை வந்தால் அதுவும் உண்டு. 2015-ல் மூளைக்குப் புற்றுநோய் பரவியதைப் பகிரங்கமாகச் சொன்னார். அடுத்த ஞாயிறும் வகுப்பு நடந்தது.

இத்தனையிலும் பெரிய வேலை எது? நரம்புச் சிலந்தி! தாத்தா பாட்டிகளைக் கேளுங்கள், சொல்வார்கள். குட்டைத் தண்ணீரோடு உள்ளே போகிற கிருமி, ஒரு வருஷம் கழித்து மூன்றடி நீளப் புழுவாகக் காலைப் பொத்துக்கொண்டு வரும். எரிச்சல் தாங்காமல் காலைத் தண்ணீரில் வைத்தால் புழு அங்கே குஞ்சுகளைக் கொட்டும். மருந்து கிடையாது, தடுப்பூசி கிடையாது. குச்சியில் சுற்றிச் சுற்றி நாள் கணக்கில் இழுக்க வேண்டும். தடுப்பு மட்டும் ரொம்பச் சுலபம்: தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடிப்பது. இதை ஊர் ஊராகச் சொல்லித்தர ஆள் வேண்டுமே! 1982-ல் அவர் தொடங்கிய கார்ட்டர் சென்டர் 1986-ல் இதைக் கையில் எடுத்தபோது வருஷத்துக்குச் சுமார் 35 லட்சம் பேருக்கு இந்த உபத்திரவம். இந்தியாவில் ஒழிந்துவிட்டதென்று 2000-ல் சான்றிதழ் கிடைத்தது.

தனக்கு முன்னால் கடைசிப் புழு செத்துவிட வேண்டும் என்பது 2015-ல் கார்ட்டர் சொன்ன ஆசை. 2024 டிசம்பர் 29-ம் தேதி, நூறு வயது தாண்டி, அதே பழைய வீட்டில் காலமானார். அந்த வருஷம் உலகம் முழுவதும் நரம்புச் சிலந்தி கண்டவர்கள் 15 பேர்.