லீவர் மேலே, கோளாறு கீழே

ஸ்டியரிங் சக்கரத்துக்கு அடியில் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் கியர் லீவரை இன்றைய பிள்ளைகள் வைப்பர் சுவிட்ச் என்றுதான் நினைப்பார்கள். அம்பாசடரும் பழைய பியட்டும் ஓட்டியவர்களுக்கு விளக்கமே தேவையில்லை. ஹேண்ட் கியர் என்றால் போதும். அமெரிக்காவில் 1938இல் காடிலாக் கார்களில் வந்த இந்த ஏற்பாடு இரண்டு மூன்று வருஷங்களில் மற்ற கம்பெனிகளுக்கும் பரவியது. தரையில் நின்ற கம்பு போனதால் முன் சீட்டில் மூன்று பேர் தாராளமாக உட்காரலாம். பிக்கப் வண்டிகளில் இதற்கு ஆயுசு அதிகம். ஜெனரல் மோட்டார்ஸ் 1987 வரை மூன்று கியர் ஹேண்ட் கியரோடு பிக்கப் விற்றது.

டெக்சாஸில் நான் வைத்திருப்பது 1970ஆம் வருஷத்து செவர்லே சி-10. ஆறு சிலிண்டர், 250 கன அங்குலம். நம் கணக்கில் 4.1 லிட்டர். லீவரை நம் பக்கம் இழுத்துக் கீழே தள்ளினால் ஃபர்ஸ்ட், மேலே தூக்கினால் ரிவர்ஸ். இழுக்காமல் விட்டு மேலே போனால் செகண்ட், கீழே வந்தால் டாப். அவ்வளவுதான். இந்தக் காலத்தில் இதைத் திருட வருகிறவனுக்கும் முதலில் டிரைவிங் கிளாஸ் எடுக்க வேண்டியிருக்கும்.

ஒருநாள் மரக்கடை வாசலில் ஃபர்ஸ்ட்டிலிருந்து செகண்டுக்கு மாற்றும்போது லீவர் இறுகி நின்றது. கொஞ்சம் அழுத்தித் தள்ளினேன். ‘டக்’ என்று ஒரு சத்தம். லீவர் தொளதொளவென்று கையோடு வந்துவிட்டது.

மதுரையில் முப்பது வருஷத்துக்கு மேல் அம்பாசடர் டாக்ஸி ஓட்டிய சித்தப்பாவுக்கு போன் போட்டேன். “சித்தப்பா, கியர் லீவர் கையோட வந்துருச்சு.”

“மேல ஒடஞ்சத விடுறா தம்பி. பானெட்டத் தூக்கி கீழ ராடு புஷ்ஷெல்லாம் ஆடுதான்னு பாரு மொதல்ல.”

அவர் செவர்லேயைத் தொட்டதுகூட இல்லை. ஆனாலும் சொன்னது அச்சு அசலாகச் சரி.

ஸ்டியரிங் தண்டைச் சுற்றி ஒரு குழாய் இறங்குகிறது. மேல்முனையில் கிண்ணம் மாதிரி ஒரு வார்ப்பு. லீவர் அதில் ஒரு பின்னில் தொங்குகிறது. கீழ்முனை எஞ்சின் அறைக்குள் வருகிறது. அங்கே இரண்டு சின்ன லீவர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும்: ஒன்று ஃபர்ஸ்ட், ரிவர்ஸுக்கு, மற்றது செகண்ட், டாப்புக்கு. ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு ராடு கியர்பாக்ஸின் பக்கவாட்டுக்குப் போகிறது. நாம் கை லீவரை நம் பக்கம் இழுக்கும்போதும் விடும்போதும் உள்ளே ஒரு முளை ஒன்றின் காடியிலிருந்து மற்றதன் காடிக்கு மாறுகிறது. இரண்டு காடியும் நேர்க்கோட்டில் நின்றால்தான் முளை வழுக்கிக்கொண்டு போகும். புஷ் தேய்ந்து, லீவர்கள் ஆட ஆரம்பித்தால் நேர்க்கோடு போச்சு. முளை பாதி இங்கே, பாதி அங்கே என்று சிக்கி நிற்கும். விஷயம் தெரியாதவர் அப்போதுதான் பலத்தைக் காட்டுவார். கீழே எஃகு, வளையாது. மேலே இருப்பது துத்தநாகக் கலவை வார்ப்பு. அது பின்துளையில் விரிசல் விட்டுப் பிளக்கும்.

நடுவழியில் இப்படி ஆனால் பயப்பட வேண்டாம். எஞ்சினை அணைத்து, வண்டி உருளாமல் டயருக்குக் கல் வைத்து, பானெட்டைத் திறந்து அந்த இரண்டு லீவர்களையும் கையாலேயே நியூட்ரலுக்கு இழுக்கலாம். பிறகு செகண்டை மட்டும் கையால் போட்டு, கிளட்சை மிதித்து ஸ்டார்ட் செய்து, அந்த ஒரே கியரில் வீடு வந்து சேரலாம். பெரிய ஆறு சிலிண்டர் எஞ்சின் முனகும், ஆனால் இழுத்துவிடும். நான் அப்படித்தான் வந்தேன், பின்னால் வந்தவர்களின் ஹாரன் மரியாதையோடு.

உடைந்த கிண்ணத்தை வெல்டு வைக்கலாமே என்று பலரும் கேட்கிறார்கள். இந்தக் கலவை 400 டிகிரி செல்சியஸுக்குள்ளேயே உருகிவிடும். சாதாரண வெல்டிங்கில் துண்டு ஒட்டுவதற்கு முன்னால் கிண்ணமே ஒழுகும். புதுசு வாங்குவதுதான் வழி. நல்லவேளையாக இந்த மாடலுக்கு இன்றும் பாகங்கள் செய்து விற்கிறார்கள்.

பேட்டரியின் எர்த் வயரைக் கழற்றிய பிறகே கை வைக்க வேண்டும். ஹாரன் மூடி, நட்டு, பிறகு ஸ்டியரிங் சக்கரம். சக்கரத்துக்கும் தண்டுக்கும் சேர்த்து ஒரு கோடு போட்டுக்கொண்டு புல்லர் வைத்து இழுங்கள், சுத்தியல் ஆகாது. அதற்கடியில் இண்டிகேட்டர் சுவிட்ச், அதன் வயர்க் கற்றை. இதுதான் வேலையிலேயே எரிச்சலான பகுதி. ஐம்பது வருஷத்து பிளாஸ்டிக், முறைத்தாலே உடையும். கிண்ணத்தைக் கழற்றியபோது உள்ளே கிரீஸ் காய்ந்து தேன்மெழுகு நிறத்தில் செதில் செதிலாக வந்தது. புதுக் கிண்ணத்தில் லீவர் பின்னை அடிக்கும்போது அடியில் மரக்கட்டை முட்டு கொடுங்கள். இல்லாவிட்டால் புதுசும் பழசு போன வழியில் போகும். லீவரின் அடியில் ஒரு குட்டி ஸ்பிரிங் தகடு உண்டு. அதை விட்டுவிட்டால் ஓடும்போது லீவர் கடகடவென்று ஆடிக்கொண்டே வரும்.

இவ்வளவோடு நிறுத்தினால் காசு தண்டம். கீழே இறங்கி லீவர்களைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி, தேய்ந்த புஷ்களை மாற்றி, லீவர்களுக்கும் நடுவிலிருக்கும் ஸ்பேசருக்கும் இடைவெளி அங்குலத்தில் ஆயிரத்தில் 5 பங்கு வருமாறு ஃபீலர் கேஜ் வைத்து வளையத்தைத் திருகி இறுக்க வேண்டும். கடைசியில் ராடுகள். கியர்பாக்ஸில் இரண்டையும் நியூட்ரலில் நிறுத்தி, மேலே இரண்டு லீவர்களின் துளைகளுக்குள்ளும் சுமார் 5 மில்லிமீட்டர் டிரில் பிட் ஒன்றைச் செருகினால் காடிகள் தாமாகவே நேருக்கு வந்துவிடும். அப்படியே ராடுகளின் கிளாம்ப்பை முறுக்கிவிட்டு, டிரில் பிட்டை மறக்காமல் உருவிவிடுங்கள்.

தரையில் கியர் வைத்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை என்பார்கள். அதற்குத் தனி கிட்டும் கிடைக்கிறது. எனக்கு உடன்பாடில்லை. நடுவில் உட்காரும் என் மகளின் முழங்காலில் கம்பு இடிக்கும். அதோடு, 1970இல் ஆலையிலிருந்து வந்தபடியே இருக்கும் வண்டிக்குச் சந்தையில் தனி மதிப்பு.

இப்படி ஒரு வண்டியை வாங்கப் போகிறீர்களா? பெயின்ட்டைப் பிறகு பார்க்கலாம். எஞ்சினை ஓட விடாமல் கிளட்சை மிதித்து, ஃபர்ஸ்ட்டிலிருந்து செகண்டுக்கு மெதுவாகப் பல தடவை மாற்றிப் பாருங்கள். நடுவில் ஒரு தடவை நெருடினாலும் போதும். விற்பவர் “பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்” என்பார். தலையாட்டிக்கொண்டே விலையைக் குறைத்துக் கேளுங்கள்.