ஒன்றரை மில்லிமீட்டரின் விலை

2025-ஆம் ஆண்டில் சாம்சங் நிறுவனம் கேலக்ஸி எஸ்25 பிளஸ், கேலக்ஸி எஸ்25 எட்ஜ் என்ற இரண்டு போன்களைச் சில மாத இடைவெளியில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இரண்டுக்கும் திரை 6.7 அங்குலம்தான். பிளஸ் போனின் தடிமன் 7.3 மில்லிமீட்டர். எட்ஜின் தடிமன் 5.8. உங்கள் ஸ்கேலை எடுத்து ஒன்றரை மில்லிமீட்டர் எவ்வளவு என்று பாருங்கள். அந்தக் கொஞ்சூண்டு இடத்தைக் குறைக்க எட்ஜ் எதையெல்லாம் இழந்தது தெரியுமா? பிளஸில் பேட்டரி 4900 எம்ஏஎச், எட்ஜில் 3900. ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. தூரத்தில் இருப்பதைக் கிட்டத்தில் காட்டும் மூன்றாவது கேமராவும் போய்விட்டது.

பேட்டரியில் ஏன் கை வைத்தார்கள்? திரை, கண்ணாடி, சர்க்யூட் பலகை ஒவ்வொன்றுக்கும் குறைந்தபட்சம் இவ்வளவு தடிமன் இருந்தே ஆகவேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. போனைத் திறந்து பார்த்தால் உள்ளே பெரிய இடத்தைப் பிடித்துக்கொண்டிருப்பது பேட்டரிதான். போன் மெலிய வேண்டும் என்றால் முதலில் மெலிவது அதுதான்.

எம்ஏஎச் என்றால் மில்லி ஆம்பியர் மணி. 5000 எம்ஏஎச் பேட்டரி, 500 மில்லி ஆம்பியர் மின்னோட்டத்தைப் பத்து மணி நேரம் தரும். 1000 மில்லி ஆம்பியர் இழுத்தால் ஐந்தே மணி நேரம். அதில் இருக்கும் மொத்த ஆற்றல் சுமார் 19 வாட் மணி. வீட்டில் சுற்றும் 75 வாட் மின்விசிறியை இந்த ஆற்றலில் ஓட்டினால் கால் மணி நேரத்தில் நின்றுவிடும்! சார்ஜ் ஏறும்போது வெப்பமாக வீணாவதைக் கழித்தாலும், ஒரே ஒரு யூனிட் மின்சாரத்தில் இந்த பேட்டரியை 40 முறை நிரப்பலாம். மின்விசிறிக்குக் கால் மணி நேரம் போதுகிற ஆற்றலை வைத்துக்கொண்டு ஒரு முழு நாள் பேசி, படம் எடுத்து, வழி கண்டுபிடிக்கிறோம். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

இந்த வசதி எளிதாக வந்துவிடவில்லை. விற்பனைக்கான முதல் கைபேசியாக 1983-இல் அறிமுகமான மோட்டோரோலா டைனாடாக் முக்கால் கிலோவுக்கு மேல் எடை இருந்தது. அதன் பேட்டரியை நிரப்பப் பத்து மணி நேரம் ஆகும். பேசக் கிடைப்பதோ அரை மணி நேரம். அது நிக்கல் காட்மியம் பேட்டரி. எடை குறைவாகவும் ஆற்றல் அதிகமாகவும் இருக்க வேறு தனிமம் வேண்டியிருந்தது.

அந்தத் தனிமம் லித்தியம். தனிம வரிசை அட்டவணையில் மூன்றாவதாக இருக்கும் இது, உலோகங்களிலேயே மிக இலேசானது. தன் வெளிச்சுற்றில் இருக்கும் ஒற்றை எலக்ட்ரானைச் சட்டென்று கொடுத்துவிடும். பேட்டரிக்கு இதைவிடப் பொருத்தமான குணம் வேறென்ன? 1970-களில் ஸ்டான்லி விட்டிங்காம் லித்தியம் பேட்டரிக்கு வழி காட்டினார். 1980-இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஜான் குட்இனஃப், கோபால்ட் ஆக்சைடைப் பயன்படுத்தி அதன் மின்னழுத்தத்தை நான்கு வோல்ட்டுக்கு உயர்த்தினார். ஆனால் லித்தியம் உலோகம் எளிதில் தீப்பிடிக்கும். 1985-இல் ஜப்பானின் அகிரா யோஷினோ அந்த உலோகத்தை விட்டுவிட்டு ஒரு கார்பன் பொருளை வைத்துப் பாதுகாப்பான பேட்டரி செய்தார். 1991-இல் சோனி நிறுவனம் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. மூவருக்கும் 2019-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. அப்போது குட்இனஃபுக்கு வயது 97! நோபல் பரிசு பெற்றவர்களில் அவரே மிக மூத்தவர்.

இன்றைய போன் பேட்டரியின் ஒரு பக்கத்தில் கிராஃபைட் இருக்கிறது. உங்கள் பென்சில் முனையில் இருக்கும் அதே பொருள்தான். மறுபக்கம் கோபால்ட் ஆக்சைடு போன்ற ஒரு சேர்மம். சார்ஜ் ஏற்றும்போது லித்தியம் அயனிகள், அதாவது எலக்ட்ரானை இழந்த லித்தியம் அணுக்கள், கிராஃபைட் அடுக்குகளுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். போனைப் பயன்படுத்தும்போது திரும்பி எதிர்ப்பக்கம் வரும். ஊஞ்சல்போல அங்கும் இங்கும் ஆடுவதுதான் அவற்றின் வேலை. இரண்டு பக்கத்துக்கும் நடுவே இருக்கும் மின்பகுளி என்ற திரவத்தின் வழியாக அயனி போகும், எலக்ட்ரான் அந்த வழியில் போக முடியாது. அது வெளியே சுற்றிக்கொண்டு போனின் சில்லு, திரை எல்லாவற்றையும் கடந்துதான் மறுபக்கம் சேர வேண்டும். அந்தச் சுற்றுப்பாதையில்தான் உங்கள் போன் இயங்குகிறது.

இரண்டு பக்கமும் ஒன்றையொன்று தொட்டுவிடாமல் இருக்க நடுவே மெல்லிய பிளாஸ்டிக் தடுப்பு ஒன்று உண்டு. இடத்தை மிச்சப்படுத்துகிறோம் என்று நெருக்கினால் என்ன ஆகும் என்பதற்கு 2016-இல் ஒரு பாடம் கிடைத்தது. சாம்சங்கின் கேலக்ஸி நோட் 7 போன்கள் ஆங்காங்கே தீப்பிடித்தன. திரும்பப் பெற்றுக்கொண்டு வேறு நிறுவனத்தின் பேட்டரி போட்ட புதிய போன்களைக் கொடுத்தார்கள். அவையும் எரிந்தன! அமெரிக்கா விமானங்களில் அந்தப் போனைக் கொண்டுபோகவே தடை போட்டது. கடைசியில் அதைத் தயாரிப்பதையே நிறுத்திவிட்டார்கள். 2017 ஜனவரியில் காரணம் வெளியானது. முதல் வகை பேட்டரியில் மேல் மூலையில் போதிய இடம் இல்லாமல் உள்ளே இருந்த தகடு வளைந்திருந்தது. இரண்டாவது வகையில் பற்றவைத்த இடத்தில் கூரான துருத்தல்கள் இருந்தன. இரண்டிலும் தொடக்கூடாதவை தொட்டுக்கொண்டன. சார்ஜ் ஏறும்போது பேட்டரி இலேசாக உப்பும், அதனால் அதைச் சுற்றிக் கொஞ்சம் வெற்றிடம் விட்டே ஆகவேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் வீண் இடம் என்று தோன்றும். உண்மையில் நம் உயிரைக் காப்பது அந்த வெற்றிடம்.

‘அந்தக் கால நோக்கியா பல நாள் தாங்கியதே, அதன் பேட்டரிதான் பெரிதோ?’ என்று சிலர் நினைப்பார்கள். இல்லை. 2003-இல் வந்து 25 கோடிக்கும் மேல் விற்ற நோக்கியா 1100-இன் பேட்டரி வெறும் 850 எம்ஏஎச். இன்றைய 5000 எம்ஏஎச் பேட்டரியில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்குதான். அதன் திரை சிறியது, கறுப்பு வெள்ளை. உள்ளே நிற்காமல் ஓடும் செயலிகளும் இல்லை. செலவு குறைவு, அதனால் பல நாள் வந்தது. இன்றைய போனில் ஒளிரும் பெரிய திரைதான் முதல் செலவாளி. டவர் தூரத்தில் இருந்தால் இன்னொரு செலவு கூடும். சிக்னல் எட்ட வேண்டும் என்று போன் தன் அலைபரப்பு சக்தியை ஏற்றிக்கொள்ளும். மலைப்பாதையில் பயணம் போகும்போது சார்ஜ் வேகமாக இறங்குவது இதனால்தான். உங்கள் வீட்டு போனின் அமைப்புகளில் பேட்டரி என்ற பகுதியைத் திறந்து பாருங்கள். எந்தச் செயலி எவ்வளவு தின்றது என்று அதில் எழுதியிருக்கும். ஓஎல்இடி திரையில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும், கறுப்பான புள்ளி அணைந்திருக்கும். அதனால் கறுப்புப் பின்னணி வைத்தால் மிச்சம். பின்னால் எப்போதும் விளக்கு எரியும் எல்சிடி திரையில் அந்த மிச்சம் கிடைக்காது.

இன்னொரு கொடுக்கல் வாங்கலும் உண்டு. நோக்கியாவின் பின்மூடியை நகத்தால் தள்ளித் திறந்து பேட்டரியை மாற்றலாம். இன்றைய போன்களில் பேட்டரியைப் பசை போட்டு ஒட்டி மூடிவிடுகிறார்கள். அதனால் தண்ணீர் புகாமல் தடுப்பது எளிதாகிறது, பேட்டரிக்குத் தடித்த உறை வேண்டாம் என்பதால் இடமும் மிச்சம். ஆனால் எந்த பேட்டரியும் சார்ஜ் ஏறி இறங்க இறங்கக் கொள்ளளவைக் கொஞ்சம் கொஞ்சமாக இழக்கும். பேட்டரி மட்டும் கிழடு தட்டியதற்காக நல்ல போனையே தூக்கிப்போடுகிறோம். இது எனக்குச் சரியாகப் படவில்லை. நெதர்லாந்தின் ஃபேர்போன் நிறுவனம் 2023-இல் வெளியிட்ட போனில் பின்மூடியைக் கையாலேயே கழற்றிப் பேட்டரியை மாற்றலாம். மழைத்தூறல் பட்டால் தாங்கும், தண்ணீருக்குள் போட்டால் தாங்காது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் முதல் ஒரு விதி வந்திருக்கிறது. 800 முறை முழுதாக சார்ஜ் ஏற்றிய பிறகும் போன் பேட்டரியில் 80 சதவீதக் கொள்ளளவு மிச்சம் இருக்க வேண்டும்.

கிராஃபைட்டுக்குப் பதிலாக சிலிக்கான் வைத்தால் என்ன என்று இப்போது கேட்கிறார்கள். கிராஃபைட்டில் ஆறு கார்பன் அணுக்கள் சேர்ந்து ஒரே ஒரு லித்தியத்துக்குத்தான் இடம் தரும். அதே எடை சிலிக்கான் ஏறக்குறைய பத்து மடங்கு லித்தியத்தைத் தாங்கும். ஆனால் அப்படித் தாங்கும்போது பல மடங்கு வீங்கி நொறுங்கிவிடும். அதனால் சிலிக்கானை மிக நுண்ணிய துகளாக்கிக் கார்பனோடு கலக்கிறார்கள். 2025-இல் 7000 எம்ஏஎச் பேட்டரியோடு போன்கள் வந்தது இந்த வழியில்தான்.

எந்த பேட்டரியாக இருந்தாலும் அதற்குப் பகை சூடு. வெயிலில் நிற்கும் காருக்குள் போனை விடாதீர்கள், தலையணைக்கு அடியில் வைத்து சார்ஜ் போடாதீர்கள். 80 சதவீதத்தில் நிறுத்திக்கொள்ளும் வசதி போனில் இருந்தால் பயன்படுத்துங்கள், முழுக்க நிரம்பியே கிடக்கும் பேட்டரி சீக்கிரம் தேயும். போனின் முதுகு புடைத்திருந்தால் அமுக்கிப் பார்க்காமல், குத்தாமல், உடனே பெரியவர்களிடம் சொல்லுங்கள்.

என்னைக் கேட்டால், ஒன்றரை மில்லிமீட்டர் கூடுதலாகத் தடித்த போனே நல்ல போன். வீட்டில் அடுத்த போன் வாங்கக் கடைக்குப் போகும்போது நீங்களும் கூடப் போங்கள். எவ்வளவு மெலிது என்று கடைக்காரரே சொல்வார். பேட்டரி தேய்ந்தால் மாற்றித் தருவார்களா, அதற்கு எவ்வளவு ஆகும், எத்தனை ஆண்டுகளுக்கு அந்த பேட்டரி கிடைக்கும் என்பதை நீங்கள் கேளுங்கள்.