சும்மா கிடந்தே கெட்டிப்படும் உலோகம்

பாலக்கோட்டு வாசகர் ஒருவர் கேட்கிறார்: "இண்டாலியம் வேற, அலுமினியம் வேறன்னு பாத்திரக்கடைக்காரர் அடிச்சுச் சொல்றாரு. நிஜமா?"

கடைக்காரர் சொல்வது பாதி சரி. மக்னீசியம், மாங்கனீசு போன்றவை சிறிது சேர்ந்த அலுமினியமே இண்டாலியம். சுத்த அலுமினியம் மின்கம்பிக்கு ஏற்றது. சட்டிக்குப் போட்டால் சீக்கிரம் நெளிந்துவிடும். சிலிக்கான் சேர்த்தால் உருகிய உலோகம் அச்சின் மூலைமுடுக்கெல்லாம் பாயும். பைக் எஞ்சின் உறைகளை அப்படித்தான் வார்க்கிறார்கள். துத்தநாகம் சேர்ந்த ரகம் விமானத்துக்குப் போகிறது.

எனக்குப் பிடித்தது செம்பு சேர்ந்த ரகம். 1906 வாக்கில் ஜெர்மனியில் ஆல்ஃபிரட் வில்ம், 4 சதவீதச் செம்பும் அரை சதவீத மக்னீசியமும் கலந்த அலுமினியத்தை 500 டிகிரிக்குச் சூடாக்கி, சட்டென்று குளிர வைத்தார். எஃகென்றால் அப்போதே கெட்டிப்பட்டிருக்கும். இது மென்மையாகவே இருந்தது. சனிக்கிழமை அப்படியே விட்டுப் போனவர் திங்கட்கிழமை அளந்தபோது நன்றாக இறுகியிருந்ததாகச் சொல்வார்கள். யாரும் தொடவில்லை, சூடாக்கவும் இல்லை.

களி கிண்டும்போது மாவு கட்டி தட்டினால் துடுப்பு நகராதல்லவா? உலோகத்துக்குள்ளும் செம்பு அணுக்கள் மெல்ல ஒன்றுகூடிக் கண்ணுக்குத் தெரியாத கட்டிகளாகின்றன. அணு அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்க முடியாமல் சிக்கிக்கொள்கின்றன. இதை எக்ஸ்-கதிரால் கண்டுசொல்ல 1938 ஆயிற்று. இந்த ரகத்தில் செய்த விமான ரிவெட்டுகளை அடிக்கும்வரை குளிர்பெட்டியில் வைப்பார்கள். வெளியே கிடந்தால் இறுகிவிடும். வீட்டு ஜன்னல் சட்டத்துக்கு மக்னீசியமும் சிலிக்கானும் சேர்ப்பார்கள். அதை நன்றாக இறுக்க உலையில் சில மணி நேரம் மிதமான சூடு காட்ட வேண்டும்.

இவ்வளவு பக்குவமாகச் செய்ததை நாம் காயலான் கடையில் ஒரே மூட்டையாகக் கட்டிப் போடுகிறோம். அதன் அருமை தெரிய, புதிதாக எடுப்பதைப் பாருங்கள். ஒகேனக்கல் தாண்டிக் காவிரி தேங்கும் மேட்டூரில், சேர்வராயன் மலை பாக்சைட்டிலிருந்து மால்கோ ஆலை அலுமினியம் எடுத்துவந்தது. 2008-இல் உருக்காலை நின்றது. தாதுவிலிருந்து ஒரு கிலோ எடுக்கச் சுமார் 14 யூனிட் மின்சாரம் வேண்டும். பழையதை உருக்க இருபதில் ஒரு பங்கு போதும். ஆனால் பிஸ்டனும் ஜன்னலும் சட்டியும் ஒன்றாக உருகினால் செம்பு, இரும்பு, ஈயம் எல்லாம் கலந்துவிடும்; திரும்பப் பிரிப்பது பெரும்பாடு. அதிலேயே சட்டி வார்ப்பவர்களும் உண்டு. இண்டாலியம் என்று விற்கும் பாத்திரங்கள் சிலவற்றில் ஈயம் கசிவதாக 2025 ஆகஸ்டில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரித்தது.

பாலக்கோட்டு நண்பரே, உலோகத்தின் பெயரை விட்டுவிட்டு, எதை உருக்கி வார்த்தது என்று கடைக்காரரைக் கேளுங்கள். பதில் வராவிட்டால் புளிக்குழம்பை எவர்சில்வரிலேயே வையுங்கள்.