பாட்டு குழுவுக்கு, பதிவு யாருக்கு?

கொரோனா ஊரடங்கில் சொந்தப் பாட்டுகளைப் பதிவு செய்து இசை லேபிள்களுக்கு உரிமையை எழுதிக் கொடுத்த சுயாதீன இசைக்குழுக்களுக்கு ஐந்தாண்டுக் கெடு முக்கியமாகியிருக்கிறது. ஒப்பந்தத்தில் காலம் குறிக்காவிட்டால் உரிமை மாற்றம் ஐந்தாண்டுக்கு மட்டுமே செல்லும் என்கிறது பதிப்புரிமைச் சட்டத்தின் 19-வது பிரிவு. "அப்படியானால் எல்லாம் எங்களிடமே திரும்பிவிடும்தானே?" என்று வாசகர்கள் கேட்டு எழுதுகிறார்கள்.

எப்போதும் எல்லாம் திரும்பாது. ஓர் உதாரணம் பார்ப்போம்.

கொச்சியில் 2013-ல் கோவிந்த் வசந்தாவும் சித்தார்த் மேனனும் தொடங்கிய தைக்குடம் பிரிட்ஜ் குழு, கப்பா டிவியின் 'மியூசிக் மோஜோ' நிகழ்ச்சியில் பழைய திரைப்பாடல்களை ராக் வடிவில் பாடித்தான் பெயர் வாங்கியது. '96' படத்தின் இசை வழியாகத் தமிழர்கள் கோவிந்தை அறிவதற்கு முன்பே, 2015-ல், 'நவரசம்' ஆல்பத்தோடு சொந்த இசைக்கு வந்துவிட்டது. 2022-ல் 'காந்தாரா' படத்தின் 'வராஹ ரூபம்' பாட்டு தங்கள் 'நவரசம்' பாட்டு போலவே இருப்பதாகக் கோழிக்கோட்டில் வழக்குப் போட்டது குழு. அதே விவகாரத்தில், பதிப்புரிமை தன்னிடம் இருப்பதாகச் சொல்லி பாலக்காட்டில் தனியாக வழக்குத் தொடுத்தது கப்பா டிவியை நடத்திய மாத்ருபூமி நிறுவனம். குழு உருவாக்கிய பாட்டுக்கு நிறுவனம் எப்படி உரிமை கோருகிறது என்று பலர் அப்போது திகைத்தார்கள்.

சட்டத்தின் கண்ணில் ஒரு பாட்டு மூன்று சொத்து. வரிகள் எழுதியவருக்கு, இசை அமைத்தவருக்கு. மூன்றாவது ஒலிப்பதிவு, அது 'தயாரிப்பாளருக்கு'. பதிவுக்கு முன்முயற்சியும் பொறுப்பும் எடுத்தவரே தயாரிப்பாளர் என்கிறது சட்டம். நடைமுறையில் பெரும்பாலும் ஸ்டுடியோ செலவை ஏற்றவர். வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் பதிவு பிறக்கும்போதே அவருடையது. யாரும் அவருக்கு மாற்றிக் கொடுக்கவில்லை. மாற்றாத உரிமைக்கு ஐந்தாண்டுக் கெடு கிடையாது. வெளியான பின் 60 ஆண்டு அவரிடமே இருக்கும். ஆகவே தயாரிப்பாளர் லேபிள் என்றால், வரியும் இசையும் திரும்பி வரலாம், பதிவு வராது.

ராக் குழுவுக்கு இது பேரிழப்பு. கிடாரின் தொனி, டிரம்ஸின் அதிர்வு, குரலின் கரகரப்பு எல்லாம் சேர்ந்து பதிவில்தான் ராக் பாட்டு முழுமை பெறுகிறது.

பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தம் படைப்பாளிகளைக் காக்கிறது என்கிறது அரசு. திரைப்படத்திலும் ஒலிப்பதிவிலும் இடம்பெறும் பாடலுக்கு, எழுதியவரும் இசையமைத்தவரும் தங்கள் ராயல்டிப் பங்கை லேபிளுக்கு எழுதிக் கொடுக்கவே முடியாது என்பது நல்ல விதிதான். வாசித்தவர்களுக்கும் ராயல்டி உண்டு என்கிறது 38ஏ பிரிவு. ஆனால் பாட்டு எத்தனை முறை ஓடியது என்ற கணக்கு லேபிளிடம் இருக்கும்போது, டிரம்ஸ் வாசித்தவர் எதை வைத்துப் பங்கு கேட்பார்?

மற்ற கேள்விகள்:

மறுபடி பதிவு செய்யலாமா? வரியும் இசையும் உங்களிடம் இருந்து, ஒப்பந்தம் தடுக்காவிட்டால், செய்யலாம். 2021 முதல் டெய்லர் ஸ்விஃப்ட் தன் பழைய ஆல்பங்களை மறுபதிவு செய்து வெளியிட்டதும் இப்படித்தான்.

ராகம் ஒன்றானால் திருட்டா? இல்லை, ராகம் பொதுச்சொத்து.

குழுவை விட்டு விலகியவருக்கு? தான் எழுதியதில், இசையமைத்ததில் அவருடைய பங்கு அப்படியே இருக்கும்.

பதிப்புரிமையை அரசிடம் பதிவு செய்வது கட்டாயமா? இல்லை.

இனி கையெழுத்துப் போடும் குழுக்கள், ஒலிப்பதிவின் உரிமையாளர் யார் என்பதை ஸ்டுடியோவுக்குள் நுழையும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.