கல் நட்டார்கள், உலை எங்கே?



அடிக்கல் நாட்டுவதற்கும் ஆலை உலையில் தீ மூட்டுவதற்கும் இடையே எத்தனை ஆண்டுகள் இருக்கலாம்? இரண்டா? ஐந்தா? சேலத்துக்காரரைக் கேளுங்கள், நாற்பது என்பார்!

கஞ்சமலையில் இரும்பு இருக்கிறது என்பது நேற்றுக் கண்டுபிடித்த செய்தியல்ல. கும்பினி ஆட்சிக் காலத்திலேயே, 1830-க்குப் பின், சேலத்துத் தாதுவைப் பரங்கிப்பேட்டைக்குக் கொண்டுபோய் உருக்கினார்கள். விறகுக் கரியை நம்பிய அந்த ஆலை நிலைக்கவில்லை. மலை மட்டும் தாதுவோடு காத்திருந்தது.

விடுதலை வந்தது. ஐந்தாண்டுத் திட்டங்கள் வந்தன. பிலாயில் உருக்காலை; ரூர்கேலாவில் உருக்காலை; துர்காப்பூரில் உருக்காலை; அடுத்துப் பொகாரோ! தெற்கே? மத்திய சர்க்காரின் பெரிய உருக்காலை ஒன்றுகூட இல்லை. 1956-ஆம் ஆண்டுத் தொழிற்கொள்கைத் தீர்மானப்படி, புதிய உருக்காலை தொடங்குவது அரசின் பொறுப்பு. தாது நம் மலையில். கையெழுத்து டில்லி மேசையில்!

அவர்கள் சொன்ன காரணம் என்ன? "சேலத்துத் தாது தரம் குறைந்தது, உருக்குக்கு ஏற்ற நிலக்கரி அருகில் இல்லை." இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் ஜப்பானைப் பாருங்கள். தாதுவும் கப்பலில் வருகிறது, கரியும் கப்பலில் வருகிறது. உருக்கு மட்டும் உலகெங்கும் போகிறது! நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியைக் கொண்டு முயலலாம் என்ற யோசனையும் நம்மிடம் இருந்தது. மனம் இருந்தால் மார்க்கம் உண்டு. மனம் அல்லவா வேண்டும்?

1967-ல் கோட்டையில் ஆட்சி மாறியது. அண்ணா முதலமைச்சரானார். அந்த ஜூலையில், சேலம் உருக்காலையும் சேதுக் கால்வாயும் வேண்டும் என்று தமிழகம் எழுச்சி நாள் கொண்டாடியது. ஆளும் கட்சியே மக்களோடு தெருவில் நின்று கேட்டது!

ஆந்திரத்திலோ இதே கோரிக்கைக்கு விலை இரத்தம். வல்லுநர் குழு விசாகப்பட்டினம் ஏற்ற இடம் என்று சொல்லியும் டில்லி இழுத்தடித்தது. 1966 அக்டோபரில் அமிர்தராவ் உண்ணாவிரதம் இருந்தார். "விசாக உருக்கு ஆந்திரர் உரிமை" என்று மாநிலமே முழங்கியது. நவம்பர் 1-ல் விசாகப்பட்டினத்தில் துப்பாக்கி வெடித்தது. அந்தக் கிளர்ச்சியில் ஆந்திரம் முழுவதும் 32 பேர் மாண்டதாகச் சொல்வர். மாநிலத்தில் காங்கிரஸ், மத்தியிலும் காங்கிரஸ். ஒரே கட்சி இரு இடத்திலும் ஆண்டால் கேட்டது கிடைக்கும் என்பாருக்கு இதைவிட வேறு பதில் வேண்டுமா?

1970 ஏப்ரலில் பிரதமர் இந்திரா காந்தி அறிவித்தார்: சேலம், விசாகப்பட்டினம், மைசூர் மாநிலத்து ஹோஸ்பேட்டை, மூன்று இடத்திலும் உருக்காலை! வெற்றி என்று மகிழ்ந்தோம். மூன்றும் என்னவாயின?

ஹோஸ்பேட்டை ஆலையை மத்திய சர்க்கார் கட்டவே இல்லை. 1990-களில் அங்கே தனியார் ஆலை எழுந்தது. விசாகப்பட்டினத்தில் 1971-ல் கல் நட்டார்கள். முதல் ஊது உலை எரிந்தது 1990-ல்! அதற்கும் சொந்தமாக ஓர் இரும்புச் சுரங்கம் தரவில்லை.

சேலம்? 1970 செப்டம்பரில் கல். 1981-ல் வந்ததோ, வெளியிலிருந்து வரும் எஃகுச் சுருளை மெல்லிய தகடாக உருட்டும் ஆலை. ஆண்டுக்கு 32,000 டன். எவர்சில்வர் பாத்திரத்துக்குத் தகடு, நாணயத்துக்கு வில்லை, எல்லாம் செய்தார்கள் நம் தொழிலாளர்கள். தரத்தில் பெயரும் வாங்கினார்கள். ஆனால் எஃகை உருக்கும் உலை வந்தது 2010-ல்! அதுவும் கஞ்சமலைத் தாதுவை நம்பி எழுந்த உலையல்ல. எந்த மலையைக் காட்டி ஆலை கேட்டோமோ, அந்த மலை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறது!

முழக்கம் இடத்தைக் கேட்டது, டில்லி இடத்தைத் தந்தது, ஆலையைச் சுருக்கிக்கொண்டது. இதுதான் ஐம்பதாண்டுக் கதையின் சாரம்.

பின்பாவது நிம்மதி உண்டா? 2019-ல் சேலம் ஆலையை வாங்க வருவோர் உண்டா என்று விளம்பரம் செய்தார்கள். தொழிலாளர்கள் கொடி பிடித்து வாசலில் நின்றார்கள். 2021 ஜனவரியில் விசாகப்பட்டின ஆலையை விற்க மத்திய அமைச்சரவை முடிவெடுத்தது. அங்கும் தொழிலாளி போராடினான். 2025 ஜனவரியில் அதே சர்க்கார் அந்த ஆலைக்கு 11,440 கோடி ரூபாய் உதவி அறிவித்தது. தொழிலாளி வாய் மூடியிருந்தால் அது வந்திருக்குமா?

ஆகவே தோழர்களே, நாளை எந்த மாவட்டத்துக்கு எந்த ஆலை என்று அறிவித்தாலும், மாலை வாங்க ஓடுமுன் ஐந்து கேள்வி கேளுங்கள். என்ன ஆலை? எவ்வளவு உற்பத்தி? எந்த ஆண்டு தொடக்கம்? மூலப்பொருள் எங்கிருந்து? நிலம் கொடுத்தவன் வீட்டுப் பிள்ளைக்கு வேலை என்பது எழுத்தில் உண்டா?

ஐந்துக்கும் பதில் வாங்கிய பிறகு அடிக்கல்லுக்குக் கை தட்டுவோம். கல்லைக் காட்டி வாக்கு வாங்கலாம். கல்லைக் கொதிக்க வைத்துச் சோறு பொங்க முடியாது!