எண்ணெயின் வேலையை நேரத்திடம் கொடுத்த பானை

ஸ்லோ குக்கரின் முகப்பில் ‘லோ’, ‘ஹை’ என்று இரண்டு நிலைகள் இருக்கும். லோவில் வைத்தால் குறைந்த சூடு, ஹையில் வைத்தால் அதிகச் சூடு என்றுதான் நினைத்துக்கொள்வோம். பெரும்பாலான மாடல்களில் அப்படி இல்லை. எந்த நிலையில் வைத்தாலும் குழம்பு கடைசியில் போய் நிற்கும் வெப்பநிலை ஏறக்குறைய ஒன்றுதான்: 93 முதல் 99 டிகிரி செல்சியஸ், கொதிநிலைக்கு ஒரு படி கீழே. ஹையில் 3, 4 மணி நேரத்தில் அந்த இடத்தை எட்டும். லோவில் அதற்கே 7, 8 மணி நேரம் ஆகும். நாம் திருப்புவது சூட்டை அல்ல, நேரத்தை.

செமினியில் வீடும் கோலாலம்பூரில் வேலையும் உள்ள குடும்பங்களுக்கு இந்த 8 மணி நேரக் கணக்கு அளவெடுத்ததுபோல் பொருந்துகிறது. விடியுமுன் காரை எடுத்து, காஜாங்கில் எம்ஆர்டி பிடித்து, மாலையில் அதே நெரிசலில் ஊர்ந்து வீடு சேர்ந்தபின் யாருக்கு வெங்காயம் நறுக்கத் தெம்பு இருக்கும்? வழியிலேயே பொரித்த கோழியும் ரொட்டி சானாயும் காத்திருக்கின்றன. சுகாதார அமைச்சின் 2023ஆம் ஆண்டு தேசிய ஆய்வு மலேசியப் பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் அளவுக்கு மீறிய எடையோ உடற்பருமனோ கொண்டவர்கள் என்கிறது. 15.6 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர். இந்தியச் சமூகத்தில் அந்த நோயின் பிடி இன்னும் இறுக்கம் என்பதை நம் உறவினர் பட்டியலைப் பார்த்தாலே தெரியும்.

அமைச்சு சொல்லும் தட்டுக் கணக்கு எளிது: கால் தட்டு சோறு, கால் தட்டு மீன், இறைச்சி அல்லது பருப்பு, அரைத் தட்டு காய்கறியும் பழமும். சிக்கல் தட்டில் இல்லை, சட்டியில் இருக்கிறது. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் சுமார் 120 கலோரி. மாவுச்சத்தும் புரதமும் கிராமுக்கு 4 கலோரி தரும்போது கொழுப்பு 9 தருகிறது. மூன்று கரண்டி எண்ணெயில் வதக்கி, 200 மில்லி பெட்டித் தேங்காய்ப்பாலையும் ஊற்றினால், காயும் கறியும் விழுவதற்கு முன்பே குழம்பு 700 கலோரியைத் தாண்டிவிடும்.

அதற்காக எண்ணெயை வில்லனாக்கிவிட முடியாது. அது சும்மா மிதந்துகொண்டிருக்கவில்லை, வேலை செய்கிறது. அடிப்பிடிக்காமல் காக்கிறது, மசாலாவின் மணத்தைக் கரைத்து எடுக்கிறது, நாக்கில் வழவழப்பைப் பூசி ‘நல்லா சாப்பிட்டோம்’ என்ற நிறைவைத் தருகிறது. எண்ணெயைக் குறைத்த சமையல் சப்பென்று போவதற்குக் காரணம், ஆளை நீக்கிவிட்டு அவர் பார்த்த வேலையை யாரிடமும் ஒப்படைக்காததுதான். ஸ்லோ குக்கர் அதில் இரண்டு வேலைகளைத் தானே ஏற்றுக்கொள்கிறது.

முதல் வேலையைப் பாருங்கள். எரிவாயு அடுப்பில் தீ முழுக்கச் சட்டியின் அடியில் குவிகிறது. மசாலா அங்கே ஒட்டிக் கருகுகிறது. ஸ்லோ குக்கரில் சூடேற்றும் கம்பி பெரும்பாலும் பானையின் பக்கச்சுவரைச் சுற்றி ஓடுகிறது. உள்ளே இருப்பது தடித்த பீங்கான் பானை. அலுமினியத்தோடு ஒப்பிட்டால் பீங்கான் வெப்பத்தைக் கடத்துவது நூறில் ஒரு பங்குதான். கம்பியின் சூடு அந்தச் சுவரைக் கடப்பதற்குள் எல்லாப் பக்கமும் பரவிவிடுகிறது. எந்த இடமும் கருகும் அளவுக்குக் காய்வதில்லை. கிளற வேண்டாம், ஒட்டாமலிருக்க எண்ணெயும் வேண்டாம்.

திறனும் வியப்பூட்டும் அளவுக்குக் குறைவு. மின்கெண்டி சுமார் 2,000 வாட் இழுக்கும். நடுத்தர ஸ்லோ குக்கருக்கு 200 வாட் போதும். 3 லிட்டர் நீரை 28 டிகிரியிலிருந்து 95க்கு ஏற்ற அந்தக் கெண்டிக்கு 7 நிமிடம்; 200 வாட்டுக்கு, துளி வெப்பமும் வீணாகாவிட்டால்கூட, 70 நிமிடம். உண்மையில் சுவர் வழியே வெப்பம் கசிந்துகொண்டே இருப்பதால் மணிக்கணக்காகிறது. உள்ளே வரும் வெப்பமும் வெளியே கசியும் வெப்பமும் சமமாகும் புள்ளியில் வெப்பநிலை தானாகவே நின்றுவிடுகிறது. பல எளிய மாடல்களில் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியே கிடையாது. இந்தச் சமநிலைதான் கட்டுப்பாடு. 8 மணி நேரத்துக்கு ஆகும் மின்சாரம் 1.6 யூனிட். சிறிய ஏர்கானை இரண்டு மணி நேரம் ஓட்டும் செலவு அவ்வளவே.

இத்தனை சன்னமான வெப்பத்தில் வேலை நடப்பதற்கு மூடி காரணம். நீராவி மூடியில் பட்டுத் துளியாகி விளிம்பை நோக்கி வழிகிறது. அங்கே தேங்கி ஒரு நீர்முத்திரை போடுகிறது. ஒரு கிராம் நீர் ஆவியாகும்போது சுமார் 2,260 ஜூல் ஆற்றலைத் தன்னோடு எடுத்துச் செல்கிறது. இயற்பியலில் இதற்கு உள்ளுறை வெப்பம் என்று பெயர். மூடிய பானையில் அந்த ஆவி திரும்ப நீராகும்போது அதன் பெரும்பங்கு பானைக்கே கிடைத்துவிடும். ‘வெந்துடுச்சா’ என்று ஒரு முறை திறந்து பார்த்தால் போதும், இழந்த சூட்டை அந்த 200 வாட் மீட்க 15, 20 நிமிடம் பிடிக்கும்.

ஸ்லோ குக்கரை உருவாக்கியவர் அமெரிக்க யூதரான இர்விங் நாக்சன். யூதர்கள் ஓய்வுநாளில் தீ மூட்டமாட்டார்கள். லித்துவேனியாவின் வில்னியஸ் நகரில் அவருடைய பாட்டி காலத்தில், வெள்ளிக்கிழமை பொழுது சாயுமுன் பயறும் இறைச்சியும் நிறைந்த பானையை ரொட்டிச் சூளைக்கு அனுப்பிவிடுவார்களாம். அணைந்த சூளையின் மிச்சச் சூட்டிலேயே அது இரவெல்லாம் வெந்துவிடும். அம்மா சொன்ன இந்தக் கதையைப் பிடித்துக்கொண்டு நாக்சன் 1936இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1940இல் அது கிடைத்தது. அவருடைய நிறுவனத்தை வாங்கிய ரைவல் நிறுவனம் 1971இல் ‘கிராக்பாட்’ என்ற பெயரில் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. தணலின்மேல் மண்சட்டியை விட்டுவிட்டு வேலைக்குப் போன நம் பாட்டிமாருக்கும் இந்த நுட்பம் தெரிந்ததுதான், காப்புரிமைதான் வாங்கவில்லை.

இரண்டாவது வேலையான வழவழப்புக்கு வருவோம். ஆட்டுக்கால், தொடைக்கறி போன்ற உழைத்த தசைகளில் கொலாஜன் என்னும் இணைப்புப் புரதம் நிறைய. மூன்று இழைகள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு நிற்கும் கயிறு அது. 60 டிகிரியைத் தாண்டியதும் அது சுருங்கி இறைச்சியைப் பிழிகிறது. அதனால்தான் அரைவேக்காட்டு ஆட்டுக்கறி ரப்பர்போல் இழுக்கிறது. 70 டிகிரிக்கு மேல், அவசரமில்லாமல் மணிக்கணக்காக வைத்திருந்தால், முறுக்கு அவிழ்ந்து இழைகள் நீரில் கரைந்து ஜெலட்டினாகின்றன. பாயா குடித்தபின் உதடுகள் ஒட்டுகின்றனவே, அந்தப் பசைதான் இது. நாக்குக்குக் கொழுப்பின் கனத்தைக் கொடுக்கும், ஆனால் அது புரதம்.

ஒரு சின்னச் சண்டையையும் இங்கேயே போட்டுவிடுகிறேன். குறைந்த கலோரிச் சமையல் என்றாலே எல்லாரும் கோழி நெஞ்சுக்கறியைத் தூக்கி ஸ்லோ குக்கரில் போடச் சொல்கிறார்கள். அதில் கொலாஜன் மிகக் குறைவு. 70 டிகிரிக்குள்ளாகவே அதன் தசைப்புரதங்கள் நீரைப் பிழிந்து வெளியேற்றிவிடும். அதன்பின் கழியும் ஒவ்வொரு மணி நேரமும் அதைப் பஞ்சாக்கும். தோலை உரித்த தொடைக்கறியைப் போடுங்கள். அதிலிருந்து கசியும் கொழுப்பு எப்படியும் மேலே மிதக்கும். ஓர் இரவு குளிர்ப்பெட்டியில் வைத்தால் வெள்ளைத் தகடாக உறைந்துவிடும். அதில் ஒரு மேசைக்கரண்டி அள்ளிப் போட்டால், அரைமணி நேரம் நடந்து கரைக்க வேண்டிய கலோரி குப்பைக்குப் போகிறது.

சைவக் குழம்பிலும் இந்த வழவழப்பு வரும், வேறு வழியில். பருப்பிலுள்ள மாவுமணிகள் 60, 70 டிகிரியில் நீர் குடித்து உப்பி வெடிக்கின்றன. வெந்த கடலையில் ஒரு கைப்பிடி எடுத்து மசித்துக் கலந்தால் குழம்பு கெட்டியாகிவிடும், தேங்காய்ப்பால் தேவைப்படாது. தேங்காய்ப்பால் 8 மணி நேரச் சூட்டைத் தாங்குவதும் இல்லை. புரதம் திரிந்து எண்ணெய் தனியே பிரிந்துவிடும். வேண்டுமென்றால் கடைசி அரைமணியில் இரண்டு கரண்டி விடலாம்.

கடலை என்றதும் செமினிக்கே உரிய ஒரு செய்தி. இங்கே புரோகா சாலையில் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் மலேசிய வளாகம் இருக்கிறது. மலேசிய அரசும் அந்தப் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2011இல் தொடங்கிய ‘கிராப்ஸ் ஃபார் தி ஃபியூச்சர்’ ஆய்வு மையம், உலகம் மறந்த பயிர்களைச் செமினியில் ஆராய்ந்தது. அவற்றில் முக்கியமானது பம்பாரா கடலை; மலாயில் காச்சாங் போய். பிறப்பிடம் மேற்கு ஆப்பிரிக்கா. நிலக்கடலைபோல் மண்ணுக்கடியில் காய்க்கும். நிலக்கடலையில் பாதி கொழுப்பு. இதிலோ சுமார் 6 விழுக்காடுதான். புரதம் 20 விழுக்காட்டை ஒட்டி இருக்கிறது. வறட்சியையும் தாங்கும். இப்படிப்பட்ட பயிரை ஏன் ஓரங்கட்டினார்கள்? ஒரு காரணம், வேக வைக்க மணிக்கணக்காகும் என்பது. விறகு சுமந்து சமைக்கும் வீட்டில் அது பெரிய செலவு.

பயறு வேகாமல் அடம்பிடிப்பதற்குப் பின்னால் அழகான வேதியியல் இருக்கிறது. செல்களை ஒட்டி வைத்திருக்கும் பசை பெக்டின். புதுப் பயறில் கால்சியத்தை ஃபைட்டேட் என்ற சேர்மம் பிடித்து வைத்திருக்கிறது. வெப்பமும் ஈரமும் உள்ள இடத்தில் பல மாதம் கிடந்தால் ஒரு நொதி அந்த ஃபைட்டேட்டை உடைக்கிறது. விடுபட்ட கால்சியம் பெக்டினோடு சேர்ந்து பசையை இறுக்கிவிடுகிறது. நம் நாட்டின் தட்பவெப்பம் இதற்கென்றே அமைந்தது. பழைய கொண்டைக்கடலை கல்லாக நிற்பதன் காரணம் இதுதான்.

புளியும் அப்படியே. அமிலத்தில் பெக்டின் உடைவது மிகவும் மெதுவாகிவிடும். பருப்பு வெந்தபின்தான் புளி கரைத்து ஊற்ற வேண்டும் என்று அம்மாக்கள் அடித்துச் சொன்னது வெறும் பழக்கமல்ல. காலையில் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிவிடும் ஸ்லோ குக்கர் சமையலில்தான் இந்த விதி அதிகம் மீறப்படுகிறது. புளியும் தக்காளியும் மாலைக்கு இருக்கட்டும்.

காய்கறியில் இன்னொரு தலைகீழ் விந்தை: ஆட்டுக்கறி குழைந்திருக்கும், கேரட் மட்டும் கடிக்க விறைப்பாக இருக்கும். கொலாஜன் 70 டிகிரியில் இளகத் தொடங்கும். காயின் பெக்டினுக்கு 85 வேண்டும். போதாததற்கு, 50க்கும் 65க்கும் இடையே மெதுவாக நகரும்போது காயிலுள்ள ஒரு நொதி விழித்துக்கொண்டு பெக்டினைக் கால்சியத்தோடு இறுகச் செய்கிறது. ஸ்லோ குக்கர் அந்த இடைவெளியில்தான் நிதானமாக நடைபோடுகிறது. கேரட், உருளை, முள்ளங்கியைச் சிறிதாக நறுக்கிச் சூடான சுவரோரமாகவும் அடியிலும் வையுங்கள். முருங்கைக்காயும் பூசணியும் பின்னால் வரலாம். கீரைக்குக் கடைசிப் பத்து நிமிடம் போதும்.

நிதானம் ஆபத்தாகும் இடமும் உண்டு. 5 முதல் 60 டிகிரி வரை நுண்ணுயிர்களின் ராஜ்யம். வசதியான சூழலில் ஒன்று 20 நிமிடத்தில் இரண்டாகும். 6 மணி நேரத்தில் 18 முறை இரட்டித்து 2,62,144 ஆகும். ஆகவே உறைந்த கோழியை அப்படியே போடக்கூடாது. மதியம் தானாக இயங்கட்டும் என்று டைமர் வைத்துப் பச்சைக்கறியை நம் ஊர் வெக்கையில் காத்திருக்க விடவும் கூடாது. முதல் ஒரு மணி நேரம் ஹையில் வைத்து, பிறகு லோவுக்கு மாற்றுவது நல்லது. பழங்குழம்பைச் சூடாக்க அடுப்புதான் சரி.

எல்லாவற்றிலும் கவனம் தேவைப்படுவது ராஜ்மா. அதில் லெக்டின் வகை நச்சுப்புரதம் இருக்கிறது. பச்சையாக நாலைந்து பயறு போனாலே கடும் வாந்தி வரலாம். கொதிக்க வைத்தால் அழிந்துவிடும், ஆனால் 80 டிகிரி அளவில் அரைகுறையாக வெந்தால் நச்சின் வீரியம் பச்சைப் பயறைவிட ஐந்து மடங்குவரை கூடக்கூடும். இரவு ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் அரைமணி நேரம் அடுப்பில் தளதளவென்று கொதிக்க விட்ட பிறகே அதை ஸ்லோ குக்கருக்குள் அனுமதிக்க வேண்டும்.

எண்ணெயின் ஒரு வேலை பாக்கி: மணம். அதை இந்தப் பானையால் செய்யவே முடியாது. இறைச்சியும் வெங்காயமும் சிவந்து மணக்க 140 டிகிரி தேவை. நீர் இருக்கும்வரை பானை 100ஐத் தாண்டாது. சீரகம், கறிவேப்பிலையின் வாசனை எண்ணெய்கள் 8 மணி நேரத்தில் மெல்ல ஆவியாகிப் போயிருக்கும். மசாலா வாசனைகளில் பெரும்பாலானவை நீரில் கரையாதவை, எண்ணெயில் கரைபவை.

இங்கேதான் தாளிப்பு வருகிறது. ஒரு தேக்கரண்டி எண்ணெய் 170 டிகிரிக்குக் காய்கிறது. கடுகின் உள்ளிருக்கும் நீர் ஆவியாகித் தோலைக் கிழிக்கிறது. சீரகமும் காய்ந்த மிளகாயும் சில வினாடிகளில் தங்கள் மணத்தை எண்ணெய்க்குக் கொடுத்துவிடுகின்றன. மாலையில் வீட்டுக்கு வந்து கைகால் கழுவிய பிறகு மிச்சமிருக்கும் வேலை இது மட்டும்தான். அந்தக் கரண்டியில் 40 கலோரி. நாலு பேர் சாப்பிட்டால் ஆளுக்குப் பத்து.