ஒதுங்கும் பொழுது: திருச்சிராப்பள்ளியில் மகளிரும் கழிப்பிட வசதியும்

இயற்கைக் கடனைக் குறிக்கத் தமிழில் வழங்கும் சொற்கள் பலவும் இடத்தையே சுட்டுகின்றன. ‘வெளிக்குப் போதல்’, ‘கொல்லைக்குப் போதல்’, ‘ஒதுங்குதல்’ என்பன அவற்றுட் சில. இவற்றுள் ‘ஒதுங்குதல்’ பிறர் பார்வையினின்று விலகுதலையும் உள்ளடக்கியது. ஆடவர்க்கு இவ்விலகல் ஒரு மரத்தின் மறைவோடு முடிந்துவிடுகிறது. பெண்டிர்க்கோ இடத்தோடு பொழுதும் வேண்டும். விடியுமுன்னும் இருட்டிய பின்னும் ஆகிய இரு வேளைகளுக்குள் உடலின் தேவையை அடக்க வேண்டியிருப்பதே அவர்தம் இடர்ப்பாடுகளின் வேர் எனலாம்.

பகற்பொழுதில் ஒதுங்க நேரிடக் கூடாது என்பதற்காகப் பெண்கள் தண்ணீரையும் உணவையும் குறைத்துக்கொள்கின்றனர். சிறுநீரை நெடுநேரம் அடக்குவதால் சிறுநீர்ப்பாதைத் தொற்றும், மலத்தை அடக்குவதால் மலச்சிக்கலும் உண்டாகின்றன. கருவுற்றோர்க்கும் மாதவிடாய்க் காலத்தினர்க்கும் இத்துன்பம் இரட்டிக்கிறது. இருளில் பாம்புக்கடி பற்றிய அச்சமும், அதனினும் மிகுதியாக ஆடவரின் வன்செயல் பற்றிய அச்சமும் உடன்வருகின்றன. துணையின்றிச் செல்ல இயலாமையால் ஒருத்தியின் தேவை மற்றொருத்தியின் நேரத்தையும் எடுத்துக்கொள்கிறது.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழகக் குடும்பங்களுள் 45.7 விழுக்காட்டினர் திறந்தவெளியையே பயன்படுத்தினர். திருச்சிராப்பள்ளியின் குடிசைப்பகுதிகளில் சிக்கல் சற்றே வேறுபட்டது. பொதுக்கழிப்பிடங்கள் கட்டப்பட்டிருந்தும், தண்ணீரும் விளக்கும் பராமரிப்பும் இன்றிப் பயன்படாதிருந்தன. கதவில்லாத கழிப்பறை பெண்ணைப் பொறுத்தவரை திறந்தவெளியே. 1987இல் திருச்சியில் தொடங்கப்பட்ட ‘கிராமாலயா’ என்னும் தொண்டு நிறுவனம், ‘வாட்டர் எய்டு’ அமைப்பின் துணையுடன், இக்கழிப்பிடங்களைச் சீரமைத்து அப்பகுதி மகளிர் சுயஉதவிக் குழுக்களின் பொறுப்பில் விடும் முறையை வளர்த்தெடுத்தது. பயன்படுத்துவோரிடம் சிறு கட்டணம் பெற்று, அதிலிருந்து மின்கட்டணம், துப்புரவுப் பொருள்கள், காவலர் ஊதியம் ஆகியவற்றைக் குழுவினரே ஈடுசெய்தனர். சிறுவர்க்கெனத் தனிக் கழிப்பிடங்களும் அமைக்கப்பட்டன. குழந்தையை வெளியில் அமர்த்திக் காவலிருக்கும் வேலையும் தாயினுடையதே ஆகலின் இதனைச் சிறு ஏற்பாடெனத் தள்ளுதல் இயலாது. இவ்வகையில் கல்மந்தை குடிசைப்பகுதி 2002இல் திறந்தவெளி மலங்கழித்தல் அற்ற முதற் குடிசைப்பகுதியாக அறிவிக்கப்பட்டதெனக் கிராமாலயா குறிப்பிடுகிறது. இதன் நிறுவனர் சா. தாமோதரனுக்கு 2022இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

இங்குக் கட்டடத்தினும் நிருவாகமே மாற்றத்திற்குக் காரணமாயிற்று. சாவி யார் கையில் உள்ளது, இரவில் எதுவரை விளக்கெரியும், வாயிலில் அமர்ந்திருப்பவர் ஆணா பெண்ணா என்பவற்றை முடிவுசெய்வோர் பயன்படுத்துவோராகவே இருந்தனர். எனினும் பொதுக்கழிப்பிடம் எத்துணைச் சிறப்பாயினும் நள்ளிரவுத் தேவைக்கும் நோயுற்ற முதியவளுக்கும் வீட்டுக் கழிப்பறைக்கு ஈடாகாது.

ஆற்றங்கரை ஊர்களில் மற்றொரு தடை நிலத்தடியில் உள்ளது. காவிரிக் கரையிலுள்ள முசிறி போன்ற இடங்களில் நீர்மட்டம் உயர்ந்திருத்தலால் குழிக்கழிப்பறை குடிநீரை மாசுபடுத்தக்கூடும். ‘ஸ்கோப்’ நிறுவனத்தின் மராச்சி சுப்புராமன் அங்குப் பரப்பிய சூழல்சார் கழிப்பறைகள் மலம், சிறுநீர், கழுவுநீர் மூன்றையும் தனித்தனியே பிரிப்பன. நீரால் கழுவும் நம் வழக்கத்திற்கு இம்மூன்றாம் வழி இன்றியமையாதது.

வீட்டுக் கழிப்பறைகள் பெருகிய பின்னரும் வீட்டுக்கு வெளியே பகலைக் கழிக்கும் பெண்ணின் தேவை எஞ்சுகிறது. மலைக்கோட்டையைச் சூழ்ந்த கடைவீதிகளில் தரையில் கடைவிரிப்போர், துணிக்கடைப் பணியாளர், அம்மா மண்டபத்திற்கு நீராட வருவோர் எனப் பலரும் இத்தொகுதியினர். கடைப்பணியாளர்க்கு இருக்கை வழங்க 2021இல் தமிழகம் சட்டத்திருத்தம் கொண்டுவந்தது. நாள் முழுதும் நிற்பதன் துன்பம் சட்டத்தின் கண்ணுக்குப் புலப்பட்டது; நாள் முழுதும் அடக்குவதன் துன்பமும் அதனினும் சிறிதன்று. கூடையை விட்டு அகல முடியாத பூக்காரிக்குக் கழிப்பிடம் இரண்டு தெரு தள்ளியிருப்பின், அன்றைய வணிகத்தில் ஒரு பகுதியை இழந்தே அவள் அங்குச் சென்றுவர வேண்டும். கட்டணமும் அதனோடு சேரும்.